தாயும் சேயும் நலம்

இலஞ்சியில் என் அம்மாவின் காதில் விழும்படி அவளுடைய பசுவை "ஈனும்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. "மாடு எப்பம் ஈனும் மயினி?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேட்டுத் தொலைத்தாள்.

அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஈனுமாம்லா! பேறுகாலம்னு சொன்னா ஒன் வாயி தேஞ்சா போவும்?"

அதே மாதம்தான் நானும் இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். என் மாமியார் போனில் கவலைப்பட்டபோது அம்மா சொன்ன ஆறுதல்: "ரெண்டாம் ஈத்துதான, பயப்படாதீய." மாட்டுக்கு எத்தனையாவது கன்று என்று கணக்குச் சொல்லும் சொல் அது. கடித்த உளுந்தவடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

பசுவுக்குக் காலையில் கன்று பிறந்தது. எனக்கு மாலையில், தென்காசி ஆஸ்பத்திரியில், மகள் பிறந்தாள்.

வீடு திரும்பிய அன்றே பக்கத்து வீட்டுக்காரி பழங்களோடு வந்தாள். "தாயும் புள்ளையும் சொகமா இருக்காவளா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"வாட்டி, வந்து பாரு" என்று அம்மா பூரித்துப் போனாள்.

நான் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டு, பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்து, முகத்தில் களைப்பும் புன்னகையும் சரிபாதியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காலடிச் சத்தம் என் அறையைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, நேராகத் தொழுவத்துக்குப் போய்விட்டது.

"பேறுகாலம் சொகமா ஆச்சு. மகளுக்குக் கிண்டுன மருந்துல இவளுக்கும் ரெண்டு உருண்ட குடுத்தேன்" என்று அம்மாவின் குரல் குழைந்தது.

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே கத்தினேன்:

"எம்மா! இங்கனயும் ஒரு உருப்படி ஈனிக் கெடக்கு, அதையும் வந்து பாருங்க!"