முத்துமாரி போன இடம்

டெல்லிப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று அறிவித்தபோது முத்துமாரி நம்பவில்லை. சும்மா கொடுப்பவன் பின்னால் எதையாவது கேட்பான் என்று நினைத்தாள். திரிலோக்புரியிலிருந்து மயூர் விஹாருக்கு வீட்டு வேலைக்கு நடந்தேதான் போய்வந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் வேலை செய்யும் வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரம்மா சுஷ்மா எங்கோ வெளியே போயிருந்தாள். திரும்பும் வழியில் ஒரு பேருந்து காலியாக வந்து நின்றது. ஏறிவிட்டாள்.

"கஹான் ஜானா?" என்றார் கண்டக்டர்.

எங்கே என்று அவளுக்கே தெரியாது. "ஆக்ரி ஸ்டாப்" என்றாள். கடைசி நிறுத்தம். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இளஞ்சிவப்பு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

யமுனைப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. கடைசி நிறுத்தமான கரோல் பாக்கில் இறங்கி, கடைத்தெருக் கூட்டத்தோடு அரைமணி நேரம் நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பினாள்.

அவளுக்கு முன்பே செய்தி வீடு வந்திருந்தது. அவள் பஸ் ஏறியதைப் பக்கத்து வீட்டு மஞ்சு பார்த்திருக்கிறாள். புருஷன் ஜெயபால் பெயிண்ட் கறை படிந்த சட்டையோடு வாசலில் நின்றான்.

"எங்க போயிட்டு வர்ற?"

"பஸ்ஸுல. கரோல் பாக் வரைக்கும்."

"அங்க யாரு?"

"யாருமில்ல. சும்மா போனேன்."

"சும்மா எவளாவது போவாளா?"

அவள் போனைப் பிடுங்கித் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவனுக்குப் பெரிய சந்தேகமாயிற்று. கோயிலுக்குப் போனதாகச் சொன்னால் விட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். வாய்வரை வந்த பொய்யை விழுங்கிவிட்டாள்.

மறுநாள் அவன் சுஷ்மாவிடம் போய் விசாரித்தான். அன்றிலிருந்து சுஷ்மா பீரோவைப் பூட்டத் தொடங்கினாள்.

அடுத்த வியாழன் வேலை முடிந்ததும் முத்துமாரி மறுபடி ஏறினாள். இரண்டு வரிசை பின்னால், வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஜெயபால் உட்கார்ந்திருந்தான். பார்த்தும் பார்க்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரோல் பாக்கில் அவள் நடந்தாள், அவனும் நடந்தான். வளையல் கடைகளை வேடிக்கை பார்த்தாள். யாரும் அவளிடம் வரவில்லை.

திரும்பும் பேருந்தில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் வந்தத பாத்துட்ட. அதான் அவன் வரல."

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்தாள்.

"அடுத்த வாரமும் போவேன். நீயும் வா."

மூன்று வாரம் வந்தான். பிறகு கூலி போகிறதென்று நிறுத்திக்கொண்டான். நம்பினானா என்றால் இல்லை. இன்றும் வியாழன் மாலை அவள் செருப்பைக் கழற்றும்போது முகத்தையே உற்றுப் பார்க்கிறான். அவள் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு அரிசி களையப் போகிறாள்.