தாமதமாக வரும் படபடப்பு

நூல் சாம்பிள் காட்ட வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனபோது, அங்கே தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மாஸ்டரோடு சரக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். ஐம்பது வயதிருக்கும். முகக்கவசம், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. அடிக்கடி தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் குலுங்கி நின்றது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் அசையாமல் நின்றார்.

“பயமா இல்லீங்களா?”

“பயமாத்தானுங்க இருக்குது. ஆனா இது வேறொருத்தர் இருதயமுங்க. ஆபரேஷன்ல நரம்பை அறுத்துத்தான் வெச்சாங்க. நான் பயந்தா அதுக்கு உடனே தெரியாதுங்க. கொஞ்சம் பொறுத்துத்தான் வேகமா அடிக்கும்.”

“யாரோடதுங்க?”

“ஆஸ்பத்திரியில சொல்லலீங்க. சின்னப் பையன்னு மட்டும் காதுல விழுந்துச்சு.”

லிஃப்ட் மறுபடி ஒரு சாண் சரிந்தது. நான் கத்திவிட்டேன். அவர் விரல் நாடியைவிட்டு நகரவில்லை.

ஒருவழியாகக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தார்கள். எனக்கு மூச்சு சீரானது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு துணி மூட்டைமேல் போய் உட்கார்ந்தார். சட்டைக்கு மேலேயே துடிப்பு தெரிந்தது. தண்ணீர் கொடுக்கக் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

“ஒண்ணுமில்ல கண்ணு. கீழ வந்துட்டோம்.”