தொடையில் சுற்றிய பொலித்தீன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள், கிணற்றடியில் நான் குளிக்கும்போது, "என்னடி, உன்ர தொடை தோடம்பழத் தோல் மாதிரிக் குழிகுழியாக் கிடக்கு?" என்றார். அதன்பிறகு மற்றப் பெண்களோடு குளிக்கப் போகவே கூசியது.

மச்சாள் ஒரு கிறீமும் தந்தார். அதைப் பூசி, மேலே பொலித்தீன் சுற்றினால் குழிகள் மறைந்துவிடுமாம். நம்பினேன். பாவாடைக்குள் பொலித்தீனோடுதான் தோட்டத்தில் கச்சான் கடலை பிடுங்கவும் போனேன்.

குந்தியிருந்து நகர்ந்தபோது சரசரவென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற ராணி அக்கா, "ஐயோ, பாம்பு! அசையாத!" என்று கத்தியபடி மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

"அடிக்காதேங்கோ அக்கா! பாம்பில்லை, என்ர தொடை!"

தோட்டமே திரும்பிப் பார்த்தது. அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். ராணி அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தன் பாவாடையைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்ச பார், எனக்கும் கிடக்கு. இதுக்கோடி இந்த வெயிலுக்க அவிஞ்சுகொண்டு நிண்டனி?"

"எனக்கும் கிடக்கடி!" என்று அடுத்த வரிசையிலிருந்தும் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அந்த இடத்திலேயே பொலித்தீனைக் கிழித்தெடுத்தேன். தோல் வெந்து சிவந்திருந்தது. ஒரு குழிகூட மறையவில்லை.

பிறகு மச்சாள் போனில், "குறைஞ்சதோ?" என்று கேட்டார்.

"இல்லை மச்சாள். குறைக்கிற எண்ணமும் இல்லை."

பயம் இன்னும் விடவில்லைதான். இடிக்குப் பயம், மாட்டுக்குப் பயம், ஊர் வாய்க்கும் பயம். ஆனாலும் பட்டப்பகலில் எல்லோரோடும் நின்றுதான் குளிக்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.