அடியில் கீறல் விழுந்த வெனிஸ் கண்ணாடி

பிள்ளைகளே, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் நிற்கிறேன். கையில் கண்ணாடி பேப்பர் வெயிட். உள்ளே பொடிப்பொடியாக வண்ணப் பூக்கள். வெனிஸ் நகரத்து வேலைப்பாடு மாதிரியே இருக்கிறது. நிஜமாகவே பழசென்றால் மேசையில் தேய்ந்து தேய்ந்து அடியில் கீறல் விழுந்திருக்கும் என்று படித்திருக்கிறேன். கவிழ்த்துப் பார்க்கிறேன். அடி முழுக்கக் கீறல்! நூறு வயதாவது இருக்கும். உங்களிடம் பீற்றிக்கொள்ள அப்பாவுக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

கடைக்கார அம்மா எட்டிப் பார்க்கிறார்.

“இன்னா சார், அடியவே பாத்துனு கீறீங்க?”

“ரொம்பப் பழசும்மா. கீறலைப் பாருங்க.”

“அதுவா? போன வருசம் பெங்களூர்ல புதுசா வாங்குனது சார். டீக்கு இஞ்சி நசுக்கி நசுக்கி இப்டி ஆயிடுச்சு. குடுங்க, தண்ணி கொதிக்குது.”

கொடுக்கிறேன். அத்தனை படித்தவன், ஒரு தடவை முகர்ந்து பார்த்திருக்கலாம்.