பருத்திமார்த் தீயில் மின்சாரம்

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் தகரத் தண்ணீர்ப் பெட்டி, இரும்புத் தகடு, வயர், சின்ன பேட்டரி, பொடி விளக்கு. நடக்க நடக்கத் தகரம் முதுகெலும்பில் இடித்தது. மழை பெய்யாத வருஷம். இரண்டு பக்கமும் கரிசல்காடு விதைக்கப்படாமல் வெடித்துக் கிடந்தது. பின்னால் பஸ் வந்தது. கை காட்டவில்லை. சீக்கிரம் போய்ச் சொல்வதற்கு நல்ல சேதி எதுவும் என்னிடம் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், புரோட்டாக் கடை, உப்பளம் என்று எதிலும் ஒரு வருஷம் தரித்ததில்லை. அந்தச் சமயம் கோயம்புத்தூர்க்கார இன்ஜினியர் ஒருவரிடம் சாமான் தூக்குகிற வேலை. எல்.இ.டி. என்று வெள்ளையாக எரியும் பொடி விளக்குகள் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தன. அடுப்புச் சூட்டிலேயே அவற்றை எரியவைக்கலாம் என்றார் அவர். பிஸ்கட் மாதிரி ஒரு வில்லை. அதன் ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்திருந்தால் அதிலிருந்து கரண்டு வரும். சூட்டுக்கு அடுப்பை ஒட்டி இரும்புத் தகடு, குளிர்ச்சிக்குத் தண்ணீர்ப் பெட்டி. முதலில் அரிக்கேன் விளக்கின் தலையில் மாட்டிப் பார்த்தோம். திரியை முழுக்க ஏற்றி வைத்தால்தான் கரண்டு வந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம். அதன் பிறகு அடுப்புக்கு வந்தோம்.

பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். ஊருக்கு வெளியே ஓடைப் புறம்போக்கில் கொஞ்சம் கூரை வீடுகள். பட்டா கிடையாது, அதனால் கரண்டும் கிடையாது. ஊருக்குள் போகிற கம்பி அந்தக் கூரைகளுக்கு மேலேதான் போனது. அங்கே ஒரு அக்காவின் வீட்டில் மாட்டினோம். அவள் புருஷன் கூலிக்கு ஆடு மேய்ப்பவர். மேய்ச்சல் இல்லாமல், வயல்களில் உரத்துக்குக் கிடை போட ஆற்றுப் பாசனப் பக்கம் ஆடுகளோடு போயிருந்தார். வீட்டில் அவளும் தவழ்கிற பிள்ளையும்தான். பகலில் ஊராருக்கு வேலிமுள் வெட்டப் போவாள். இருட்டிய பிறகு தீக்குச்சி அடுக்குவாள். மருந்து முக்காத குச்சிகளைக் கட்டையின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக நிறுத்துகிற வேலை. தீப்பெட்டிக் கம்பெனி ஏஜெண்ட் சைக்கிளில் கட்டைகளைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் எடுத்துப்போவார். அந்த வருஷம் அவளுக்கு நிச்சயமாக வந்த வேலை அது ஒன்றுதான். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

முதல் நாள், பருத்தி எடுத்து முடிந்து காய்ந்த செடிக் குச்சியான பருத்திமார் வைத்து அடுப்பை மூட்டினாள். விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அப்ப எஞ் சுருட்டுலயும் ஒரு வயர மாட்டிவிடும் அண்ணாச்சி, பாட்டுக் கேட்டுக்கிடுதேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சோறு வெந்தது. பருத்திமார் திகுதிகுவென்று எரிந்து பொசுக்கென்று சாம்பலானது. விளக்கும் மங்கிப்போனது. பேட்டரியில் நின்றது கொஞ்ச நேரத்துக்குத்தான்.

"அடுப்பு எரியும்போது தீயே வெளிச்சமாத்தான இருக்கு தம்பி. அணைஞ்ச பொறவுல்லா எனக்கு லைட்டு வேணும்" என்றாள்.

இன்ஜினியருக்கு அது தெரியாமல் இல்லை. "பேட்டரி நெறையணும்னா தீ நின்னு எரியோணுமுங்க. சமையல் முடிஞ்சும் கொஞ்ச நேரம் எரிய விடுங்க" என்று சொல்லிவிட்டு என்னை அங்கே விட்டுப் போனார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. வெறும் அடுப்பை எரிய விடக் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்று அக்கா மறுத்தாள். கடைசியில் ஒரு பானைத் தண்ணீரை ஏற்றி வைத்தாள். தண்ணீர் சும்மா கொதித்து வற்றியது. பக்கத்துப் பொம்பளை வாசலில் நின்று, "ஏட்டி, ரெண்டாந் தடவை ஒலை வைக்கியே, விருந்தாளி ஆரு?" என்றாள். அக்கா இன்னொரு கைப்பிடி மாரை அடுப்புக்குள் தள்ளினாள். தகரப் பெட்டித் தண்ணீரும் சூடேறிவிடும். அதைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால்தான் விளக்கு மறுபடி தெளியும். குழாயில் குடிதண்ணீர் எப்போதாவதுதான் வந்தது. கிணற்று உப்புத் தண்ணீருக்கு ஓடையைத் தாண்டி நடக்க வேண்டும்.

காலையில் ஏஜெண்ட் வந்து ஒரு கட்டையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு பள்ளத்துல ரெண்டு குச்சி கெடக்கு. மருந்துல முக்குனா ஒட்டிக்கிடாதா?"

"வெளிச்சம் பத்தல அண்ணாச்சி."

"அடுப்புலயே கரண்டு எடுக்கான்னு ஊரெல்லாம் பேசுதாவ. ஒனக்கு வெளிச்சம் பத்தலயாக்கும்!" என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "இன்னைக்கு ஒரு நா பாக்கேன். இல்லன்னா ஊருக்குள்ள கரண்டு உள்ள வீட்டுல போட்டுருவேன். கோவிச்சுக்கிடாத."

அன்று நான் வேலிக்கருவை விறகு வெட்டிக்கொண்டு வந்தேன். அது நின்று எரியும். பொழுது அடைந்ததும் மூட்டினோம். விளக்கு பளிச்சென்று இருந்தது. அக்கா அடுப்பை ஒட்டி உட்கார்ந்து வேகவேகமாக அடுக்கினாள். கூரைக்குள் அனல். பிள்ளை வேர்த்து அழுதது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றேன். பெட்டித் தண்ணீரை மாற்றினோம், பானையில் ஊற்றினோம், திரும்பவும் மாற்றினோம். பாதிக் கட்டைகள்கூட ஆகவில்லை. மிச்சம் இருந்தது ஒரு குடம் குடிதண்ணீர்.

விளக்கு மறுபடி மங்கியது. நான் குடத்தைத் தொட்டேன்.

"அதைத் தொடாத தம்பி. விடிஞ்சா பிள்ளைக்கு என்னத்தக் குடுக்க?"

விறகை வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்தாள். அப்புறம் இருட்டில் தடவித் தடவிச் சில கட்டைகள் அடுக்கினாள். அதில் எத்தனை சரியாக வரும் என்று அவளுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டாள்.

காலையில் ஏஜெண்ட் வந்தார். அடுக்கினவை, அடுக்காதவை எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். புதிதாக எதையும் இறக்கவில்லை. அவர் போன பிறகு அக்கா வயரைத் தானே பிடுங்கி, தகரப் பெட்டியைக் கழுவாமல் என் பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் கொண்டுட்டுப் போயிரு தம்பி. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

அப்படித்தான் அந்த ரோட்டில் நடந்தேன். கோவில்பட்டியில் இன்ஜினியரின் வாடகை அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "மலைப் பக்கம் கொண்டுபோறேனுங்க. அங்க குளுருக்கு அடுப்பு அணையாது, தண்ணிக்கும் பஞ்சமில்ல" என்றார். என்னை அழைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாக்கை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும், கம்பெனியில் கட்டை எடுக்க வந்த அந்த ஏஜெண்ட் டீக்கடையில் நின்றார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏலே, கரண்டு அடுப்பு! இப்ப என்ன வேல பாக்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"சைக்கிள் மிதிப்பியா? பசுவந்தனைப் பக்கம் கட்டை போட எனக்கு ஆள் வேணும். என்னால தெனமும் மிதிக்க முடியல."

சரி என்றேன். டீ குடித்த கையோடு கேரியரில் கட்டைகளை ஏற்றிக் கட்டினோம். வீடுகளை வாயாலேயே சொல்லி அனுப்பினார். எல்லாம் அந்த ஊருக்குள் ட்யூப்லைட் எரிகிற வீடுகள். அந்த அக்காவுக்குப் போட்டுவந்த கட்டைகளைக் கோயில் பக்கத்து வீட்டில் இறக்கச் சொன்னார். இறக்கினேன்.