மாதா கெபி மெழுகு

வில்லியனூர்ப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள், இல்லையென்றால் செபம் சொல்லச் சொல்வார்கள். என் அக்காவைப் பார்க்க செலியமேட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "கிரீம எடும்மா" என்றார்.

எல்லாம் அக்கா செய்த வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் முகக் கிரீம் செய்து விற்பேன், சம்மதமென்றால் வரட்டும் என்று தரகரிடமே சொல்லி அனுப்பியிருந்தாள். எண்பதுகளில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அப்படிப் பேசியதில்லை.

கன்னியர் மடத்தில் கற்ற தொழில் அது. தேங்காயெண்ணெயையும் பன்னீரையும் பிரியாமல் பிடித்து வைக்க, வெள்ளைச் செதிலாக ஒரு மெழுகு போடவேண்டும். எமல்சிஃபையிங் வாக்ஸ். அதிலும் நான்-அயானிக், மின்னூட்டம் இல்லாத வகை என்பாள் அக்கா. எலுமிச்சைச் சாறு பட்டாலும் திரியாதாம். அவ்வளவு சாதுவான பிறவி எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அக்கா ஒரு சின்ன பாட்டில் தயாராக வைத்திருந்தாள். அம்மாவுக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. அக்கா பூசைக்குப் போன நேரத்தில் பெரிய பீங்கான் ஜாடி நிறையச் செய்ய இறங்கினாள். வாக்ஸ் தீர்ந்திருந்தது. அதனாலென்ன, மாதா சிலை வைத்த குகையான கெபியில் வழிந்த மெழுகுவத்தி மெழுகைச் சுரண்டிச் சேர்த்து வைத்திருந்தாளே! உருக்கி, கலக்கி, அடித்தாள். சூடாக இருந்தவரை தயிர்போல அழகாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் என் அம்மா பெருமையாக அந்த ஜாடியைத்தான் நீட்டினாள். அவர் விரலை வைத்தார், இறங்கவில்லை. அழுத்தினார். மேலே இறுகிக் கிடந்த வட்டம் ஒரு பக்கம் சரிய, அடியில் தேங்கியிருந்த பன்னீர் அவருடைய பட்டுப்புடவையில் பீச்சியடித்தது.

"இன்னாம்மா இது, வத்தி வாசன அடிக்குது?"

"மாதாவுக்கு ஏத்துன மெழுகுங்க" என்றாள் அம்மா, அதுவே போதும் என்பதுபோல.

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். அக்காவோ வந்தவர்களை மறந்தே போனாள்.

"மெழுகுன்னா எல்லாம் ஒண்ணாம்மா? அது எண்ணெயோடதான் சேரும், தண்ணிய கிட்டவே வுடாது. என் வாக்ஸு ரெண்டையும் புடிச்சி வெக்கும். தெரியலன்னா என்னாண்ட கேக்கறதுக்கு இன்னா?"

உள்ளே போய்ச் சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து அந்த அம்மாவின் கையில் வைத்தாள்.

அவர் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் மடிக்கு நேராக பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு அருள்நிறை மரியே செபம் சொல்லத் தொடங்கினாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"செய்யட்டும்" என்றார் அந்த அம்மா. அதற்கப்புறம்தான் அக்காவின் முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.