குடத்தோட நின்ன பொண்ணு

நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க. இது எனக்கே நடந்தது. 1978-ல, ஆரணியில.

தறியில உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு. பஜார்ல ஸ்டுடியோ வச்சிருந்த ஜெகநாதன் அண்ணன், செத்தவங்களைக் கருமாதிக்குள்ள ஆயில் பெயிண்டிங்கா வரைஞ்சு குடுப்பாரு. அவர்கிட்ட எப்படியாவது வேலைக்குச் சேரணும். அவர் ஒரு பழைய அச்சுப் படத்தைக் குடுத்தாரு. ராஜா காலத்து ஓவியம். குளத்துப் படியில நாலு பொண்ணுங்க. "அப்படியே காப்பி பண்ணு. முகம் பிசகக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா தறிக்கே போயிடு"ன்னாரு.

பாதியில பெயிண்ட்ல கலக்குற ஆளிவிதை எண்ணெய் தீந்துபோச்சு. வீட்டுல இருந்த கடலை எண்ணெயைக் கலந்துட்டேன். அது காயவே காயாதுன்னு எனக்கு யாரு சொன்னாங்க?

ஞாயித்துக்கிழமை, குடத்தோட நிக்கிற பொண்ணோட முகத்தை முடிச்சேன். அச்சுல இருந்த மாதிரியே. சாப்பிட்டு வந்து பார்த்தா... வேற முகம். ஒட்டுன கன்னம். தாடையில தழும்பு. எண்ணெய் வழிஞ்சு கலைஞ்சிருக்கும்னு துடைச்சுட்டுத் திரும்ப வரைஞ்சேன்.

திங்கக்கிழமை மறுபடியும் அதே தழும்பு. ஆத்திரத்துல பிரஷ்ஷைத் தூக்கி அடிச்சேன். வயித்தெரிச்சல் என்னன்னா, நான் வரைஞ்சதைவிட அது நல்லா இருந்துச்சு!

ஜெகநாதன் வந்து பார்த்தாரு.

"அச்சுல ஒண்ணு, நீ வரையறது ஒண்ணு. பேஜார் பண்ணாத தருமா."

"நான் வரையலண்ணே..."

"பின்ன உங்க தாத்தாவா வந்து வரைஞ்சாரு?"

புதன்கிழமை அவ சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. தொட்டேன். விரல்ல எண்ணெய் ஒட்டல.

தண்ணி.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் படத்தைத் தூக்கினு ஸ்டுடியோவுக்குப் போனேன். பெரணமல்லூர்க்காரர் ஒருத்தர் அழுதுகினு இருந்தாரு. வீரபாகுன்னு பேரு. அவரு பெண்சாதி கன்னியம்மாள் புதன்கிழமை தண்ணி எடுக்கப் போய்க் கெணத்துல விழுந்து செத்துட்டாளாம். அவளுக்கு ஒரு போட்டோகூட இல்லையாம்.

என் படத்தைப் பார்த்தாரு. அழுகை நின்னுபோச்சு.

"கன்னீ..."

விரல் நேரா அந்தத் தழும்புக்குப் போச்சு. நான் அதை முதல்ல பார்த்தது ஞாயித்துக்கிழமை. அப்ப அவ உயிரோட இருந்தா.

"நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடுடா"ன்னாரு ஜெகநாதன். இத்தனை நாளா நான் ஏங்கின வார்த்தை. சந்தோஷப்படக்கூட விடல. வீரபாகு, படத்துல குடத்துக்காரிக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணைக் காட்டுனாரு.

"இது எம் பொண்ணு பூங்காவனம். இவளையும் எதுக்குங்க வரைஞ்சீங்க?"

பார்த்தேன். காலையில அச்சு முகம்தான் இருந்துச்சு. இப்ப வேற முகம். அவ பாவாடை நனைஞ்சுகினு இருந்துச்சு...

"பொண்ணு எங்கய்யா?"

"ஊட்லதாங்க... தண்ணிக்குப் போயிருப்பா."

டர்பன்டைன் துணியை எடுத்தேன். அந்த முகத்தைத் துடைச்சேன். தேய்ச்சேன்...

"டேய்! வேலை வேணாமா உனக்கு?"

படத்துத் துணியே கிழியற வரைக்கும் தேய்ச்சேன்.

வேலை போச்சு.

மறுவாரம் வீரபாகு என் தறிகிட்டயே வந்து நின்னாரு. அன்னிக்கு அதே நேரத்துல பொண்ணும் கெணத்துல விழுந்துட்டாளாம். தூக்கிட்டாங்களாம். உயிரு பொழச்சுக்கிச்சாம்.

அப்பாடான்னேன்.

அவரு என் கையையே பார்த்துகினு இருந்தாரு.

"முகத்துல மட்டும் தோலே இல்லீங்க. கல்லு இடிச்ச காயமில்ல, யாரோ துணியால தேய்ச்சிருக்காங்கன்னு டாக்டர் சொல்றாரு."